கிளிப் மாட்டிய வயலின்

எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது ஒரு சனி, ஞாயிறில் கொழும்புக்குப் போய் வயலின் வாசித்துவிட்டு வந்தேன். ஒரே வரியில் சொன்னால் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்திய வாரம் முழுக்க எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வேறு பேச்சே இல்லை. தலவாக்கலை த்ரீவீல் ஆட்டோ ஸ்டாண்டிலும் வேறு பேச்சு இல்லை, ஏனென்றால் அங்கே என் மாமா இருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. த்ரீவீல் ஓட்டுவதற்கு முன்னால் கொழும்பில் புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அந்த இரண்டு வருஷத்தை வைத்துக்கொண்டு அவர் இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். என்னைக் கூட்டிப்போக யார் என்ற பேச்சு வந்ததுமே சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "கொழும்பு எனக்கு அத்துப்படி அக்கா. கண்ணக் கட்டி விட்டாலும் புறக்கோட்டையில இருந்து வெள்ளவத்தைக்குப் போயிருவேன்."

"கண்ணத் தொறந்துக்கிட்டே போ. என் புள்ளையில்ல கூட வருது" என்றார் அம்மா.

வயலின் பள்ளிக்கூடத்துடையது. சங்கீத டீச்சர் என்னை நம்பி வீட்டுக்குக் கொடுத்திருந்தார். பிரச்சினை வயலினில் இல்லை, வீட்டில் இருந்தது. லயம் என்பது ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாகப் பல வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. கட்டியவனுக்குக் கல் தீர்ந்ததோ மனசு தீர்ந்ததோ, ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் அப்படியே நின்றுவிடும். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் மறு வீட்டில் தும்முவார்கள். இந்தப் பக்கம் யாராவது பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கத்திலிருந்து என்னவென்று கேட்பார்கள்.

எங்களுக்கு இடது பக்கத்து வீட்டில் ஓர் அண்ணன் இருந்தார். தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் அவருக்கு நிரந்தரமாக இரவு வேலை. காலையில் வந்து தோட்ட வேலை, தண்ணி எடுக்கிற வேலை எல்லாம் முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் படுத்து, இருட்டுகிற நேரம் எழுந்து போவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வயலினை எடுக்கிற நேரமும் அவர் படுத்திருக்கிற நேரமும் ஒன்று. வயலின் வீட்டுக்கு வந்த முதல் நாளே அம்மா சட்டம் போட்டுவிட்டார். "நீ என்னா வேணும்னாலும் வாசி. ஆனா சத்தம் வெளிய போகக் கூடாது. அந்தப் புள்ள ராவெல்லாம் மெசினோட நிக்குது."

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். எங்கள் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். வகுப்புகளைப் பிரிப்பது இடுப்பு உயரப் பலகைத் தட்டிகள். நான் வில்லை வைத்தால் பக்கத்தில் கணக்குப் பாடம் நின்றுவிடும். டீச்சர் ஒருநாள் பொறுக்க முடியாமல் தன் பையிலிருந்து உடுப்பு காயப்போடுகிற நீலக் கிளிப் ஒன்றை எடுத்தார். வயலினில் தந்திகளைத் தாங்கி நிற்கிற சின்னப் பலகைக்குக் குதிரை என்று பெயர். அந்தக் குதிரையின் தலையில் கிளிப்பை மாட்டினார். சத்தம் மூக்கடைத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. கணக்கு டீச்சருக்குச் சந்தோஷம், அம்மாவுக்கு அதைவிடச் சந்தோஷம்.

அன்றைக்கு மாட்டிய கிளிப்பை நான் அதற்குப் பிறகு கழற்றவே இல்லை. பெட்டியை மூடும்போதுகூட அது அங்கேயே இருக்கும். வயலினோடு கூடப்பிறந்ததாகவே எனக்குப் பழகிவிட்டது. ஒருமுறை தேயிலை மலைக்கு வயலினைத் தூக்கிக்கொண்டு போய் ஆசை தீர வாசிக்கலாம் என்று பார்த்தேன். கிளிப்பைக் கழற்றலாம் என்ற யோசனை வருவதற்குள் காலில் அட்டை ஏறியது, வானத்திலிருந்து தூறல் விழுந்தது. பாவாடைக்குள் வயலினைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தவள் அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை.

தினமும் ஒரே ஒழுங்கில்தான் வாசிப்பேன். முதலில் நீளநீளமாக ஒரே ஸ்வரத்தை இழுப்பது. பிறகு பாடம். கடைசியில், அம்மா விளக்கு வைக்கிற நேரத்துக்கு, எனக்கு மிகவும் பிடித்த ஒரு வேகமான நடனத் துண்டு. சோற்றுத் தட்டில் பொரியலைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிற ஆள் நான். அந்த நடனத்தையும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

டீச்சர் அந்த நடனத்தை ஃபோனில் பதிவு செய்து கொழும்புக்கு அனுப்பினார். பல மாவட்டங்களிலிருந்தும் பாடசாலைப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பெரிய வாத்தியக் குழு வைத்து, ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு கச்சேரி நடத்தப் போகிறார்களாம். ஃபோனை வயலினோடு ஒட்டிப் பிடித்து டீச்சர் பதிவு செய்ததால் கேட்பவர்களுக்கு எல்லாம் கணீரென்று கேட்டிருக்கிறது. வரச்சொல்லிப் பதில் வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. சனிக்கிழமை ஒத்திகையில் யார் சரியில்லையோ அவர்களுக்கு மேடையில் நாற்காலி கிடையாது, கீழே சபையில்தான் நாற்காலி.

அந்த ஒரு நாற்காலிக்காக நான் எவ்வளவு சாமிகளுக்கு எவ்வளவு தேங்காய் நேர்ந்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். அம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்து, ஒரு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் மாட்டிவிட்டு, வாசலில் நிறுத்திப் புத்தி சொன்னார். "கொழும்புக்காரங்க முன்னால தலைய நிமுத்தி உக்காரு. வாசிச்சு முடிச்சதும் கும்பிடு. பெரியம்மா வீட்டுல தங்குறப்ப பக்கத்துல யாராச்சும் தூங்குறாங்களான்னு கேட்டுக்கிட்டு வாசி."

ஹட்டனில் கொழும்பு பஸ் ஏறினோம். கொண்டக்டர் வயலின் பெட்டியைப் பின்னால் மூட்டைகளோடு போடச் சொன்னார். நான் மடியை விட்டுக் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவர் பெட்டியைத் தடவிப் பார்த்து, "மேக்க மொனவத நங்கி?" என்றார். இது என்ன தங்கச்சி என்று கேட்கிறார். வயலின் என்றதும் கன்னத்தில் கைவைத்தார். பிறகு பை திறந்து எனக்கு ஒரு கொய்யாப் பழம் தந்தார். பெட்டிக்கு மேல் வைத்து அதைத் தின்றுகொண்டே போனேன்.

மாமா ஜன்னல் ஓரம். கினிகத்தேனை தாண்டி பஸ் இறங்கத் தொடங்கியது. பொல்பிட்டிய பக்கம் கையை நீட்டி, "இங்க இருந்துதான் கொழும்புக்கே கரண்டு போகுது. நாங்க இல்லேன்னா அவங்களுக்கு இருட்டுதான்" என்றார். அதற்கடுத்த வளைவில் அவர் முகம் மாறியது. அதற்கும் அடுத்த வளைவில் ரொட்டி கட்டியிருந்த பையைக் கேட்டார். அவிசாவளை வரும் வரைக்கும் கொழும்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினால் அங்கே அவர், இந்தப் பக்கம் திருப்பினால் அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார்.

கீழே போகப்போக வெயில் ஏறியது. முதல் ஸ்வெட்டரைக் கழற்றினேன், பிறகு இரண்டாவதைக் கழற்றினேன். கொழும்பில் இறங்கியபோது இரண்டு ஸ்வெட்டரும் ஒரு பெட்டியும் ஒரு பச்சை முகத்து மாமாவும் என் பொறுப்பில் இருந்தார்கள். தரையில் கால் பட்டதும் மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. வேகமாக நடந்து, ஒரு பஸ்ஸைக் காட்டி, ஏறு என்றார். ஏறினோம். நெடுநேரம் கழித்துத்தான் அது எதிர்த் திசையில் போகிற பஸ் என்று தெரிந்தது.

"நம்பர மாத்திட்டானுங்க" என்றார் மாமா.

"கண்ணக் கட்டினா சரியாப் போயிருப்பீங்களோ மாமா?" என்றேன். அவர் காது கேட்காதவர் மாதிரி நடந்தார்.

ஒரு வழியாக த்ரீவீல் பிடித்து ஒத்திகை மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் மண்டபம் அது. பெரியவர்களை உள்ளே விடவில்லை. மாமாவை வெளியே மரத்தடியில் விட்டுவிட்டு உள்ளே போனால் ஏசி. நுவரெலியாவில்கூட நான் அப்படி நடுங்கியதில்லை. இரண்டு ஸ்வெட்டரையும் மறுபடி மாட்டிக்கொண்டேன். வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்த கொழும்புப் பிள்ளைகள் மலைநாட்டிலிருந்து வந்தவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்புதான்.

கடைசி வரிசையில் இடம். இசைத் தாள் வைக்க இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். என் பக்கத்தில் என் வயசில் ஒரு சிங்களப் பிள்ளை. அவளுக்குத் தமிழ் தெரியாது, என்னுடைய சிங்களம் கடைக்குப் போய் வருகிற அளவுக்கு. பக்கம் புரட்டுவது அவள் வேலை என்று சைகையிலேயே பேசி முடித்தோம். எங்களை நடத்துகிற மிஸ் முன்னால் மேடைப் பெட்டியில் ஏறினார். ஒல்லியான உருவம், கண்ணாடி, கையில் ஒரு குச்சி. குச்சி இறங்கியது.

அதை எப்படிச் சொல்வது? என் வாழ்க்கையில் அதுவரைக்கும் நான் கேட்ட வயலின் ஒன்றே ஒன்று, அதுவும் மூக்கடைத்தது. இப்போது சுற்றிலும் இருபது வயலின். சத்தம் நாற்காலிக் காலில் ஏறி முதுகுவழியாக வந்தது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. வாசித்துக்கொண்டே பல்லைக் காட்டிச் சிரித்தேன். என் வயலின் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. இத்தனை பேர் வாசிக்கும்போது யாருக்குத்தான் தன் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். இன்னும் அழுத்தினேன், இன்னும் சிரித்தேன்.

பக்கத்துப் பிள்ளை என்னை அடிக்கடி பார்த்தாள். ஓர் இடைவெளியில் என் கையைத் தொட்டு, பயப்படாதே, நீயும் உண்மையாகவே வாசிக்கலாம் என்று சிங்களத்தில் சொன்னாள். பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸும் கடைசி வரிசைக்கு வந்தார். வாசிக்க வாசிக்க ஒவ்வொரு நாற்காலியாகக் காதைக் கொடுத்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றார். கையை உயர்த்தினார். எல்லோரும் நிறுத்தினார்கள்.

"நங்கி, ஒயா வயன்னே நெத்த?" நீ வாசிக்கவில்லையா என்று கேட்டார்.

"வயனவா மிஸ்" என்றேன். வாசிக்கிறேனே.

தனியாக வாசித்துக் காட்டச் சொன்னார். நடனத் துண்டை எடுத்தேன். அந்தப் பெரிய மண்டபத்தில் என் வயலின் ஜன்னலுக்கு வெளியே கொசு பறக்கிற மாதிரிக் கேட்டது. முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ் குனிந்து, கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, குதிரைக்குப் பக்கத்தில் விரலை நீட்டினார். இது என்ன?

"கிளிப் மிஸ்."

எதற்கு?

எனக்கு இருந்த சிங்களத்தையெல்லாம் திரட்டினேன். லயம், சுவர், கூரை, ஃபேக்டரி, இரவு வேலை, எல்லாம் வரிசையாக வரவேண்டும். வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "அல்லபு கெதர அய்யா நிதி, மிஸ்." பக்கத்து வீட்டு அண்ணன் தூங்குகிறார், மிஸ்.

முதலில் டிரம்ஸ்காரப் பையன் சிரித்தான். அவ்வளவுதான், மொத்த மண்டபமும் சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டார். அவர் எங்கே தூங்குகிறார் என்று கேட்டார். தலவாக்கலையில் என்றேன். இங்கே வாசித்தால் அங்கே எழும்பிவிடுவாரா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நானும் சிரித்தேன், காது வரைக்கும் சூடாகிச் சிரித்தேன்.

கிளிப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். கிளிப்போடு வாசிக்கும்போது எனக்கே கேட்கவேண்டுமே என்று வில்லை அழுத்தி அழுத்திப் பழகியவள் நான். அதே அழுத்தத்தோடு இழுத்தேன். வந்த சத்தத்துக்கு நானே பயந்து வில்லைத் தூக்கிவிட்டேன். மாடு கத்துவது போல இருந்தது. பழக்க தோஷத்தில் இடது பக்கம் திரும்பி யாராவது விழித்துவிட்டார்களா என்று வேறு பார்த்தேன்.

மிஸ் இப்போது சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். விரல் சரி, தாளம் சரி. ஆனால் இதுவரைக்கும் இந்த வரிசையில் நீ இல்லை, இப்போது இந்த வரிசையில் நீ மட்டும்தான் இருக்கிறாய். இரண்டும் எனக்கு வேண்டாம். நாளை காலையில் எல்லோருக்கும் முன்னால் வா. கேட்டுவிட்டு, நாற்காலி உண்டா இல்லையா என்று சொல்கிறேன்.

மீதி ஒத்திகை முழுவதும் வயலினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நான் மேடையில் வாசிக்கப் போவது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். த்ரீவீல் ஸ்டாண்டுக்குத் தெரியும். சபையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன் என்று நான் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

மரத்தடியில் மாமாவைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். மாமாவுக்கு முதலில் பக்கத்து வீட்டு அண்ணன் மேல்தான் கோபம் வந்தது. "அவன் தூங்குறதுக்காக நீ வாயப் பொத்திக்கிட்டு வாசிக்கணுமா? நாளைக்கே அவன்கிட்ட பேசிக்கிறேன்." பிறகு தலையைச் சொறிந்தார். இரவுக்குள் பழகவேண்டும், எங்கே பழகுவது? நாங்கள் தங்கப்போகிற பெரியம்மா வீடு கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியில் இரண்டு அறை. கீழ்வீட்டில் கைக்குழந்தை. கொழும்பிலும் பக்கத்து வீடு இருக்கத்தான் செய்தது.

மாமா திடீரென்று நிமிர்ந்தார். "வா புள்ள. யாரும் தூங்காத எடம் ஒன்னு எனக்குத் தெரியும்."

இந்த முறை அவர் வழி தவறவில்லை. காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போனார். அந்த நேரம் பார்த்துப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பட்டங்கள், பலூன்கள், இறால் வடை வண்டிகள், புல்லில் உருளுகிற பிள்ளைகள், அத்தனைக்கும் அப்பால் கடல். நான் கடலை அதற்குமுன் பார்த்ததில்லை. அது பாட்டுக்கு இரைந்துகொண்டே இருந்தது. இவ்வளவு சத்தத்தை வைத்துக்கொண்டு அதை யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

மாமா ஒரு திட்டம் வைத்திருந்தார். "நீ இங்க நின்னு வாசி. நான் அந்தப் பக்கமா நடந்து போறேன். கேக்குற வரைக்கும் கையத் தூக்கிக்கிட்டே போவேன். காதப் பொத்தினா நீ ஓவரா வாசிக்கிறன்னு அர்த்தம்."

கடலுக்கு முன்னால் நின்று வில்லை வைத்தேன். முதல் இழுப்பில் மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கையை லேசாக்கினேன். அவர் ஒரு கையை உயர்த்தியபடி நடந்தார். இன்னும் லேசாக்கினேன். இன்னும் நடந்தார், கை இறங்கவில்லை. அப்போதுதான் புரிந்தது: அழுத்தவே தேவையில்லை. வில்லைச் சும்மா நடத்தினாலே சத்தம் தானாக எழுந்து போகிறது. மெதுவாக வாசித்தால் மாமாவின் கை இறங்கும், கொஞ்சம் ஏற்றினால் மறுபடி உயரும். மாமாவை வயலினாலேயே அங்கேயும் இங்கேயும் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் வடை வண்டி வரைக்கும் போய்விட்டார். ஒரு கை மேலே, மற்றக் கையில் இறால் வடை. வடைக்காரர் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தானும் எட்டிப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. ஒரு சின்னப் பிள்ளை முன்னால் வந்து குதித்தது. அதன் அப்பா, நல்லெண்ணத்தில்தான், திறந்திருந்த பெட்டியில் சில்லறையைப் போட்டார். மாமா அங்கிருந்து வடையோடு ஓடி வந்தார். "இல்லீங்க, இல்லீங்க, நாங்க அதுக்கு வாசிக்கல. நாளைக்கு ஸ்டேஜில வாசிக்கப் போறோம்." சில்லறையைத் திருப்பிக் கொடுத்து, கூடவே ஒரு வடையும் கொடுத்து அனுப்பினார். நாளைக்கு ஸ்டேஜில் என்று அவர் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னது எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சூரியன் கடலைத் தொட்டது. இந்நேரம் அம்மா விளக்கு வைத்திருப்பார் என்று நினைத்தேன். எங்கே இருந்தாலும் அந்த நேரத்துக்குக் கை தானாக அந்த நடனத்துக்குப் போகும். கிளிப் இல்லாமல், சுவர் இல்லாமல், கூரை இல்லாமல் அதை முதல் தடவை முழுசாக வாசித்தேன். முடிந்தபோது மாமா இரண்டு கையையும் உயர்த்தியபடி புல்வெளிக்கு நடுவில் நின்றார்.

மறுநாள் காலையில் மிஸ் என்னை மேடையில் உட்காரவைத்துவிட்டு, மண்டபத்தின் கடைசிச் சுவரோரம் போய் முதுகைக் காட்டி நின்றார். மாமாவைப் போல அவர் கையும் உயர்கிறதா என்று பார்த்துக்கொண்டே வாசித்தேன். உயரவில்லை. முடித்தேன். அவர் திரும்பி நடந்து வந்தார். அந்த நடை எனக்குக் கொழும்பு பஸ் பயணத்தைவிட நீளமாக இருந்தது. என் நாற்காலியின் முதுகைத் தட்டினார். இது உன்னுடையது, ஸ்வெட்டரை மட்டும் கச்சேரிக்குக் கழற்றிவிடு என்றார்.

பக்கத்துப் பிள்ளை வந்ததும் கிளிப்பைக் காட்டச் சொல்லிக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். ஏசிக் காற்றில் ஸ்டாண்டிலிருந்து தாள் பறக்காமலிருக்க அதை மாட்டினாள். அன்று முழுக்க அந்த நீலக் கிளிப் எங்கள் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் அம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. "சேர் கெடைச்சிருச்சா?"

"கெடைச்சிருச்சும்மா."

அந்தப் பக்கத்தில் பல பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். அம்மா எல்லோரையும் அதட்டிவிட்டு, வேறு சொல்லத் தெரியாமல் ஊர்ச் செய்தி சொன்னார். மழை பெய்ததாம். கோழி ஒன்றைக் காணோமாம். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நேற்று ஃபேக்டரியில் டீமேக்கரிடம், அதாவது அங்கே பொறுப்பாக இருக்கிற பெரியவரிடம், நல்ல ஏச்சாம். எதற்கென்று தெரியவில்லையாம். நான் பாதிதான் கேட்டேன். காதெல்லாம் நடனத்தில் இருந்தது.

கச்சேரியைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை, ஏனென்றால் அது சட்டென்று முடிந்துவிட்டது. விளக்குகள், சபை இருட்டு, மிஸ்ஸின் குச்சி. இருபது வயலின்களுக்கு நடுவில் என்னுடையது எனக்குக் கேட்டது, தனியாகவும் இல்லை, தொலையவும் இல்லை. கடைசித் துண்டாக அந்த நடனம். பக்கத்துப் பிள்ளையும் நானும் ஒரே மூச்சில் வில்லைத் தூக்கி முடித்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அம்மா சொன்னபடி கும்பிட்டேன். மற்றவர்களெல்லாம் தலையைக் குனிந்து நிமிர்ந்தார்கள், நான் ஒருத்தி கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

மாமா முழுக் கச்சேரியையும் வீடியோ எடுத்திருந்தார். அதில் முன்னால் இருந்தவரின் வழுக்கைத் தலை தெளிவாகத் தெரிகிறது. "அதா அதா, கடைசில இருக்கா பாருங்க" என்று மாமாவின் குரல் தெளிவாகக் கேட்கிறது. வயலின் ஒன்றும் கேட்கவில்லை.

அதனால்தான் திங்கட்கிழமை நாங்கள் ஊர் வந்து சேர்ந்ததும், வேலை விட்டு வந்தவர்களெல்லாம் எங்கள் இஸ்தோப்பில், அதாவது வாசல் தாழ்வாரத்தில், கூடிவிட்டார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு மாமாவைக் கிண்டல் பண்ணி முடித்து, நேரிலேயே வாசி, கிளிப் இல்லாமல் வாசி என்று கேட்டார்கள். எனக்கும் ஆசை. கடலுக்கு முன்னால் வாசித்ததை இவர்களுக்கு முன்னால் வாசிக்கவேண்டும். பெட்டியைத் திறந்தேன்.

அம்மா வந்து மூடினார். "அந்தப் புள்ள தூங்குது. ஞாயித்துக்கிழம லீவு அன்னைக்கு எல்லாருக்கும் வாசிக்கலாம்."

இரவு வேலைக்காரரின் தூக்கம் எவ்வளவு முக்கியம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கூட்டம் குரலைத் தாழ்த்தியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கிளிப்பை எடுத்துக் குதிரையில் மாட்டினேன்.

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. அண்ணன் கன்னத்தில் பாய்த் தடத்தோடு, போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏன் புள்ள, இன்னைக்கும் வாசிக்க மாட்டியா?" என்றார். "சனிக்கெழம ஒன்னாலதான் நான் ஏச்சு வாங்கினேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா சண்டைக்குத் தயாராக ஓர் அடி முன்னால் வந்தார். "இவ என்னாப்பா பண்ணினா? இவ கொழும்புல இல்ல இருந்தா?"

"அதத்தான் சொல்றேன். வீட்டுல இல்ல. இவ அந்த ஓட்டமா ஒன்னு வாசிப்பாளே, கடைசில, அது கேட்டாத்தான் நான் எந்திரிப்பேன். அது ஆரம்பிச்சா மணி ஆறு. சனிக்கெழம அது கேக்கல. நான் பாட்டுக்குத் தூங்கிட்டேன். எட்டு மணிக்கு ஆள் வந்து கதவத் தட்டுறான், டீமேக்கர் கூப்புடுறாருன்னு."

அம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. "அப்ப ஒனக்கு எல்லாம் கேக்குமா?"

"கேக்காம? மொதல்ல இழுத்து இழுத்து வாசிப்பாளே, அது தூங்குறதுக்கு நல்லா இருக்கும்" என்றார் அண்ணன்.

"அடப்பாவி, இத மூணு வருசத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் இந்தப் புள்ளய எத்தன நாள் அடக்கியிருப்பேன்" என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மாமா சிரிக்கத் தொடங்கினார், பிறகு இஸ்தோப்பே சிரித்தது. கொழும்பில் இருபது பேருக்கு நடுவில் இருக்கிறாளா இல்லையா என்று தேடப்பட்டவள் நான். இங்கே நான் ஒரு நாள் இல்லாததால் ஒருவர் வேலைக்கே எழும்பாமல் தூங்கியிருக்கிறார். அழுதேன், சிரிக்கவும் சிரித்தேன், மூக்கைத் துடைக்க ஸ்வெட்டர் கை உதவியது.

"இப்ப நான் எப்புடிண்ணே வாசிக்கிறது? கிளிப்போடயா, இல்லாமயா?" என்று கேட்டேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். "ஆறு மணி வரைக்கும் அது இருக்கட்டும். தூக்கமும் வேணும்ல. ஆறுக்குக் கழட்டிரு."

உள்ளே அம்மா விளக்கு வைத்தார். நான் கிளிப்பைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தேன். கூட்டம் சுவரில் சாய்ந்து இடம் பிடித்துக்கொண்டது. அண்ணனைக் காணோம். எங்கே என்று பார்த்தால், அவர் மறுபடி தன் வீட்டுக்குள் போய்ப் பாயில் படுத்துப் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தார்.

"ம், இப்ப எழுப்பு" என்று சுவருக்கு மேலால் குரல் வந்தது.

வில்லை வைத்தேன்.